பேர்ப்பலகையைக் கழட்டிட்டா திருடன் வரமாட்டானா?

ஆணி அதிகம். இன்னிக்கு அந்த ஆணியைப் பத்தியே ஒரு புலம்பல்.

முலுண்ட்லேர்ந்து பாலம் தாண்டி ஐரோலிக்குப் பொட்டி தட்டப் போறவன் நான். மெயில் சர்வரைக் கட்டி மேய்க்கிறதுதான் வேலை. போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு புண்ணியவான் தன்னோட லீவு லெட்டரை மொத்த கம்பெனி குரூப்புக்கும் அனுப்பிட்டார். "எனக்கு ஏன் வந்துது?"ன்னு பாதிப் பேர் ரிப்ளை ஆல். "யாரும் ரிப்ளை ஆல் பண்ணாதீங்க"ன்னு மீதிப் பேர் ரிப்ளை ஆல் :-) மறுநாள் மேலிடத்து உத்தரவு வந்துது: எல்லா குரூப்பையும் அட்ரஸ் புக்லேர்ந்து ஒளிச்சு வை!

இது பழைய வியாதிதான். 1997-ல மைக்ரோசாஃப்ட்டுக்குள்ளயே 'பெட்லாம் டிஎல்3'ங்கற குரூப்ல இதே கூத்து நடந்து, ஒரு மணி நேரத்துல சுமார் 1.5 கோடி மெயில் பறந்துது. 2016 நவம்பர்ல இங்கிலாந்தோட என்.எச்.எஸ்.ல ஒரு டெஸ்ட் மெயில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் போய் எல்லாம் ஸ்தம்பிச்சுது.

சரி, ஒளிச்சு வச்சா நிக்குமா? நிக்காது. ஒளிக்கிறதுன்னா பேரு லிஸ்ட்ல தெரியாது, அவ்வளவுதான். முகவரி தெரிஞ்சவன் டைப் பண்ணினா போகும். பழைய மெயிலுக்கு ரிப்ளை ஆல் அடிச்சா அப்பவும் போகும். தடுக்கணும்னா 'இந்தக் குரூப்புக்கு இன்னார் மட்டும்தான் அனுப்பலாம்'னு வைக்கணும், இல்லேன்னா ஒருத்தர் பார்த்து ஒப்புதல் குடுத்தப்புறம் போற மாதிரி வைக்கணும். ரெண்டுமே எக்ஸ்சேஞ்ச்ல இருக்கு. அதை விட்டுட்டு ஒளிக்கிறது, எங்க பில்டிங் லாபியில இருக்கற பேர்ப்பலகையைக் கழட்டிட்டுக் கதவைத் திறந்து போடற மாதிரி. திருடன் வந்துடுவான், விருந்தாளிதான் வழி தெரியாம நிப்பான்.

சொன்னேன். யாரும் கேக்கல. சம்பளம் வாங்கறவன், எல்லாத்துக்கும் டிக் அடிச்சேன்.

ரெண்டு வாரம் கழிச்சு, புதுசா சேர்ந்த நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணு கேன்டீன்ல தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு: "அண்ணா, அந்தப் புகார் கமிட்டி மெயில் ஐடி என்ன? தேடினா வரமாட்டேங்குது."

ஏன்னு நான் கேக்கல. ஐடியை எழுதிக் குடுத்தேன். ஆனா அன்னிக்குச் சோறு இறங்கல. யார்கிட்டயும் கேக்காம, யாருக்கும் தெரியாம தேடி எடுத்துக்கத்தானே அட்ரஸ் புக்? அதைப் போய் என்கிட்ட கேக்க வச்சது என்னோட டிக்.

2013-ஆம் வருஷச் சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கற இடத்துல பாலியல் தொல்லைக்கான உள் புகார் கமிட்டி இருக்கணும். அதை அமைச்ச உத்தரவைக் கண்ணுல படற இடத்துல மாட்டணும். புகார் குடுக்க 3 மாசம்தான் பொதுவான கெடு. மாட்டச் சொல்லுது சட்டம், நாங்க ஒளிச்சோம்!

அன்னிக்கே அந்த டிக்கை எடுத்தேன். மேனேஜர் கேட்டார், சட்டத்தைக் காமிச்சேன், பேசல.

எல்லாத்தையும் திறந்து போடச் சொல்லல. சர்வர் எச்சரிக்கை வர்ற குரூப்பை ஒளிங்க, யாருக்கும் நஷ்டமில்ல. ஒரு மனுஷன் ஆபத்துல தேடற பேரை ஒளிக்காதீங்க.

உங்க வீட்டுப் பசங்க வெளியூர்ல வேலைக்குச் சேர்ந்தா, சாப்பிட்டியான்னு கேக்கறதோட இதையும் கேளுங்க: "கமிட்டி ஐடி எழுதி வச்சிருக்கியா?"