மறுப்பையும் சேர்த்து அச்சிட்டவர்

2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வளாகத்தில் மாணவர்களே மாணவர்களைத் தடியால் அடித்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. காவலர்கள் வேடிக்கை பார்த்தனர். சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயரை விட்டது அவமதிப்புதான். நம் கோபம் நியாயம். ஆனால் தடி எடுத்தவர்களில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் அவர்களைத் துரத்தியது.

அம்பேத்கர் என்ன செய்தார்? 1936-ல் லாகூர் மாநாட்டுக்கு எழுதிய உரையை அமைப்பாளர்கள் ஏற்காததால், சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுவே 'சாதி ஒழிப்பு'. காந்தி தம் இதழில் மறுத்து எழுதினார். 1937-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த மறுப்பையும் சேர்த்து, தம் பதிலையும் அச்சிட்டார் அம்பேத்கர். எதிராளியின் வாதத்தை மறைக்கவில்லை, பணியவும் இல்லை.

நம் கல்லூரிகளில் மாதம் ஒரு பாடவேளையாவது இப்படிப் பேசப் பழக்க வேண்டும். இடஒதுக்கீடு, பஞ்சமி நிலம், தேர்தல் கூட்டணி என எதையும் எடுக்கலாம். எதிர்த்தரப்பு சொன்னதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் திருப்பிச் சொல். பிறகு மறுத்துப் பேசு.

ஒரு நிபந்தனை உண்டு. தீண்டாமையை அரசமைப்பின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. நாம் சமமா என்பது பட்டிமன்றத் தலைப்பல்ல. அதைக் காக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கும் சேரிப் பிள்ளையுடையது அல்ல.

இதை உறுதி செய்யுங்கள். பேச நாங்கள் தயார்.