இல்லத்து மருந்துப்பெட்டி: நூறு முறை கழுவிய நெய்



மார்கழி பிறந்துவிட்டது. விடியற்காலையில் நீராடிச் சந்நிதிக்குச் செல்லும் நம் போன்ற முதியோர்க்கு இம்மாதம் மனத்துக்கு இதம், தோலுக்கோ சோதனை. குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் முகம் இழுத்துப் பிடிக்கிறது. கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகச் செதில் எழுகிறது. முன்காலில் நகம் பட்டால் சாம்பல் நிறத்தில் கோடு விழுகிறது. கருங்கல் பிராகாரத்தை வெறுங்காலுடன் மூன்று சுற்று வருவதற்குள் குதிகால் வெடிப்பு சுருக்கென்று குத்துகிறது. "கடையில் விற்கும் க்ரீம்களின் வாசனையே ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளும்படி ஏதேனும் சொல்லுங்களேன்" என்று கேட்போர் பலர். அவர்களுக்காக இந்த வாரம், ஒரே ஒரு பொருளும் தண்ணீரும் மட்டும் கொண்டு செய்யும் பழைய முகப்பூச்சு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது என் மாமியாருக்காக. எண்பது வயதைக் கடந்த பின் அவருக்கு இரவில் உறக்கம் குறைந்தது. முதுமையின் இயல்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் அவருடைய படுக்கை விரிப்பைத் துவைக்க எடுத்தபோது, அதில் சிறுசிறு இரத்தப் புள்ளிகள் இருந்தன. புடவையைச் சற்று உயர்த்திப் பார்த்தால், இரு முன்கால்களிலும் நகக்கீறல்கள். இரவெல்லாம் சொறிந்திருக்கிறார்.

"ஏம்மா, என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"தோல் வறண்டுபோச்சு, அவ்வளவுதான். இதுக்கெல்லாம் உன்னைத் தொந்தரவு பண்ணணுமா?" என்றார்.

மணம் மிகுந்த பூச்சு ஒன்றை விலை கொடுத்து வாங்கி வந்தேன். கீறல்களில் பட்டதும் எரிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டார். அதைக் கண்டபின் நான் அதைத் தொடவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, உள்ளே வேறு நோய் இல்லை, வறட்சிதான் காரணம் என்றார். கீறல்கள் ஆறுவதற்கு மருந்து கொடுத்தார். மணம் சேர்க்காத எந்தக் களிம்பையும் நாள்தோறும் தடவலாம் என்றும் சொன்னார். அப்போதுதான் எங்கள் தெருவிலிருந்த முதிய ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் இந்த நெய்யைப் பற்றிச் சொன்னார்.

முதுமையில் தோல் ஏன் வறள்கிறது?

நம் தோலுக்குள் இயற்கையாகவே நெய்ப்புச் சுரக்கும் சிறு சுரப்பிகள் உள்ளன. வயது ஏற ஏற அவற்றின் சுரப்புக் குறைகிறது. தோலும் மெலிகிறது. மேல்தோல் தன்னிடமுள்ள ஈரத்தைக் காத்துக்கொள்ள இயலாமல் இழந்துவிடுகிறது. அதன்மேல் நாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, நுரை பொங்கும் சோப்பைத் தேய்த்தால், மிஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பசையும் போய்விடும். தோலின் மேல் பூசும் நெய்யோ எண்ணெயோ புதிதாக ஈரத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் ஈரம் ஓடிவிடாமல் மூடி போட்டுக் காக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தப் பூச்சை எப்போது தடவ வேண்டும் என்பது தானே விளங்கும்.

சத தௌத கிருதம்

வடமொழியில் 'சதம்' என்றால் நூறு. 'தௌதம்' என்றால் கழுவப்பட்டது. 'கிருதம்' என்றால் நெய். பசு நெய்யை நூறு முறை நீர்விட்டுக் கழுவி எடுப்பதே சத தௌத கிருதம். சரக சம்ஹிதை போன்ற பழைய ஆயுர்வேத நூல்கள் இதனைப் பேசுகின்றன. உடல் எரிச்சலைத் தணிக்கும் குளிர்ச்சியான மேற்பூச்சு என்பது வைத்தியர்களின் மரபு. நம் சித்த மருத்துவத்திலும் குங்கிலியத்தை நல்லெண்ணெயில் கரைத்து, நீர்விட்டுக் கழுவி வெண்ணெய்போல் ஆக்கும் குங்கிலிய வெண்ணெய் உண்டு. அதை வைத்தியர் கையால் வாங்குவதே முறை. நெய்யை மட்டும் நாமே செய்துகொள்ளலாம்.

நெய் மஞ்சள் நிறம், மணல்போல் திரிதிரியாக உறையும், மணம் உண்டு. நீரும் நெய்யும் சேராதவை என்பதை அறிவோம். ஆனால் நீர்விட்டு இடைவிடாமல் தேய்க்கும்போது, நீர் மிக நுண்ணிய துளிகளாக நெய்க்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. அத்துளிகளும் உட்புகும் காற்றும் ஒளியைச் சிதறடிப்பதால் நெய் வெண்ணிறம் கொள்கிறது. திரிதிரித் தன்மை மறைந்து, வெண்ணெயைவிட மெதுவாகிறது. கடையில் வாங்கும் க்ரீமும் எண்ணெயும் நீரும் இவ்வாறு ஒன்றிய கலவைதான்.

தேவையானவை

நல்ல பசு நெய் 100 கிராம். புதிதாகக் காய்ச்சியதும் காந்தாததுமான நெய்யாக இருக்க வேண்டும். உப்போ முருங்கைக்கீரையோ வெற்றிலையோ போட்டுக் காய்ச்சியது வேண்டாம். முதல் நாள் இரவே கொதிக்க வைத்து மூடி ஆறவிட்ட தண்ணீர் 10 லிட்டர். அகன்ற செம்புத் தாம்பாளம் ஒன்று. புளியிட்டுத் துலக்கி, நன்கு அலம்பித் துடைத்தது. வெந்நீரில் போட்டு எடுத்து வெயிலில் உலர்த்திய சிறு கண்ணாடிச் சீசாக்கள் இரண்டு. செம்பு இல்லாதவர்கள் எவர்சில்வர் தட்டிலும் செய்யலாம். பதம் அதிலும் வரும்.

செய்முறை

கையை முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவி, நகங்களை வெட்டி, மோதிரங்களைக் கழற்றிவிடுங்கள். உறைந்த நெய்யைத் தாம்பாளத்தில் இட்டு, ஒரு சிறு தம்ளர், அதாவது ஏறத்தாழ 100 மில்லி தண்ணீர் விடுங்கள். உள்ளங்கையால் ஒரே திசையில் வட்டமாகத் தேயுங்கள். ஒரு நிமிடம் தேய்த்தபின் தாம்பாளத்தைச் சாய்த்து நீரை வடித்துவிடுங்கள். இது ஒன்று. மீண்டும் நீர் விட்டுத் தேய்த்து வடித்தால் இரண்டு. இவ்வாறு நூறு.

முதல் சில முறை நெய் திட்டுத்திட்டாக நழுவி ஓடும். 'இது எங்கே சேரப்போகிறது' என்று சலிப்பு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்ல மெல்லத் திட்டுகள் ஒன்றுகூடும், மஞ்சள் வெளுக்கும், அளவும் கூடத் தொடங்கும். பாதியைக் கடந்தபின் கைக்கு நெய்யென்றே தோன்றாது. நூறாவது முறை நீரை முற்றிலும் வடித்துவிட்டு, மேலும் ஐந்து நிமிடம் நீரின்றித் தேய்த்து, உள்ளே தங்கிய நீரையும் பிழிந்துவிட வேண்டும்.

எண்ணிக்கை தவறாமலிருக்க நூறு புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கழுவலுக்கும் ஒன்றாக மறு கிண்ணத்துக்கு மாற்றுங்கள். நாம ஜபம் செய்யும் வழக்கமுள்ளவர்களுக்கு எண்ணுவது ஒரு பொருட்டே அன்று. இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். தோள்வலியும் மூட்டுவலியும் உள்ளவர்கள் தாங்களே முழுவதும் தேய்க்க முயல வேண்டாம். வீட்டில் இருப்போர் ஆளுக்கு இருபது முறை என்று பங்கிட்டுக்கொள்ளலாம். வடித்த நீரில் நெய் கலந்திருக்கும். அதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் சேர்த்து, வெளியே மண்ணில் கொட்டிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. முதன்முறை நான் செய்தபோது ஐம்பதாவது கழுவலில் கை ஓய்ந்துபோயிற்று. 'மீதியை நாளைக்குப் பார்க்கலாம்' என்று தாம்பாளத்தோடு மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் ஓரமெல்லாம் பச்சை. செம்பில் நெய் தங்கினால் களிம்பேறும் என்பதை அறிந்திருந்தும் மறந்தேன். தோலுக்குத் தடவும் களிம்பும் செம்பில் ஏறும் களிம்பும் தமிழில் ஒரே சொல். ஒன்று மருந்து, மற்றது நஞ்சு. அந்த நெய் முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். ஆகவே தொடங்கிய நாளிலேயே முடித்து, உடனே கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றிவிடுங்கள். பச்சையோ நீலமோ சிறிது தென்பட்டாலும் பயன்படுத்தாதீர்கள்.

பயன்படுத்தும் விதம்

முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையெனில் முகத்துக்குத் தடவலாம்.

வெந்நீரின் சூட்டைக் குறைத்து, வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளியுங்கள். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் மினுமினுக்கும்போதே பூச்சைத் தடவ வேண்டும். முழுவதும் உலர்ந்தபின் தடவினால், காக்க வேண்டிய ஈரம் அங்கே இராது. முகத்துக்கு ஒரு கொண்டைக்கடலை அளவு போதும். விரல் நுனிகளால் கன்னம், நெற்றி, உதட்டோரம் என்று மெல்லப் பரப்புங்கள். இரவு படுக்கைக்குச் செல்லுமுன் கைகளுக்கும் முன்கால்களுக்கும் குதிகாலுக்கும் தடவலாம்.

சீசாவைக் குளிர்பெட்டியில் வையுங்கள். இதில் நீர் உள்ளது. கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை. ஆதலால் மூன்று வாரங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். விரலை விடாமல், உலர்ந்த சிறு கரண்டியால் எடுங்கள். புளித்த வாடையோ கறுப்புப் புள்ளியோ தோன்றினால் தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

நெய் தடவிய பாதத்துடன் நடக்காதீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வறண்ட தோல் ஒரு துன்பமாகவே தோன்றாது. படுக்கையில் அமர்ந்து தடவி, பருத்திக் காலுறை அணிந்து உறங்கி, காலையில் துடைத்துவிட்டே இறங்குங்கள். இரவில் எழ வேண்டியவர்கள் காலுறையுடனும் நடக்க வேண்டாம், அதுவும் வழுக்கும். அவர்கள் பகலில் ஓய்வாக அமர்ந்திருக்கும்போது தடவித் துடைத்துவிடுவதே நலம்.

நீரிழிவு உள்ளவர்கள் கால்விரல் இடுக்குகளில் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஆழ்ந்த வெடிப்பு, சீழ், ஆறாத புண் இருப்பின் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். தீப்பட்ட இடத்தில் இதை அப்பும் வழக்கம் சிலரிடம் உண்டு. புதிய தீக்காயத்துக்கு முதலில் வேண்டியது ஓடும் குளிர்ந்த நீரே, நெய் அன்று. தடிப்போ செதிலோ இல்லாமல் உடல் முழுவதும் அரிப்பு நீடித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு போன்றவற்றின் கோளாறாகவும் இருக்கலாம். பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

இந்தப் பூச்சு முகச் சுருக்கத்தை நீக்காது. நிறத்தை மாற்றாது. அப்படி யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். வறட்சியையும் அதனால் வரும் அரிப்பையும் தணிக்கும், அவ்வளவே.

நூறு முறை இயலாதவர்களுக்கு

எளிய வழி ஒன்றுண்டு. தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ 50 கிராம், சுத்தமான தேன்மெழுகு 10 கிராம். இரண்டையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் அக்கிண்ணத்தை வைத்து மெழுகை உருக்குங்கள். நேராக அடுப்பில் வைக்காதீர்கள். உருகியதும் இறக்கிக் கலக்கி, சீசாவில் ஊற்றி ஆறவிட்டால் உறைந்த தைலம் கிடைக்கும். இதில் நீர் இல்லாததால் சில மாதங்கள் வரை கெடாது. முகத்துக்குச் சற்றுப் பிசுக்கென்றிருக்கும். கை, குதிகாலுக்கு ஏற்றது.

மீண்டும் என் மாமியாரிடம் வருகிறேன். கீறல்கள் ஆறியபின், இரவு ஒன்பது மணிக்கு அவர் கட்டிலில் அமர்ந்து நெய்யைத் தடவிவிடத் தொடங்கினேன். ஓரிரு வாரங்களில் சொறிவது குறைந்தது, உறக்கமும் வந்தது. நெய்தான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் நான் வெளியூர் சென்று திரும்பியபோது, சீசாவை அவர் கையருகே வைத்துவிட்டுப் போயும் அவர் தொட்டிருக்கவில்லை. காரணம் கேட்டேன்.

"எனக்கு முதுகு எட்டாதும்மா" என்றார். சற்று நேரம் கழித்து, "உன் மாமனார் போனப்புறம் என்னை யார் தொட்டிருக்கா?" என்றார்.

இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தோம். நேரத்துக்கு உணவும் மருந்தும் கொடுத்தேன்; கால் தொட்டு வணங்கவும் செய்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் அமர்ந்ததில்லை. அன்றிலிருந்து அவர் இருந்த வரையில் அந்த ஒன்பது மணியை நான் தவறவிடவில்லை. என் மகளும் பள்ளிப்பாடம் முடித்தபின் வந்து பாட்டியின் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

ஆகவே அன்பர்களே, இதைச் செய்யும் நாளில் தனியே அமராதீர்கள். பேரனையோ பேத்தியையோ அழைத்துப் புளியங்கொட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். எட்டாத முதுகுக்குத் தடவிவிடும்படி கூச்சப்படாமல் கேளுங்கள். 'அவர்களுக்கு ஏன் தொந்தரவு' என்று எண்ண வேண்டாம். கேட்காவிடில் அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம், பனிக்காலத்து மூட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்கும் முறைகளைப் பார்ப்போம்.