இணைப்பு அறுந்தபின் என்ன?

வரப்பின் வலிமை வெயில் நாளில் தெரிவதில்லை. மழை நாளில்தான் தெரியும். மரக்காணத்து உப்பளங்களை அன்றாடம் கடந்து பள்ளிக்கு வரும் எங்களுக்கு இவ்வுண்மையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் எல்லா வரப்புகளும் உறுதியாகவே காட்சியளிக்கின்றன. ஐப்பசி மழை இறங்கியதும் எது நின்றது, எது கரைந்தது என்பது ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது.

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் இயங்கும் மென்பொருளும் அத்தகையதே. இணைப்பு நன்றாக உள்ளபோது எல்லா மென்பொருளும் நல்ல மென்பொருளே. இணைப்பு அறுந்தால் அஃது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே சோதித்துப் பாராமல் மக்கள் கையில் கொடுப்பது பெருந்தவறு என்பதே, மேனிலை இரண்டாம் ஆண்டு கணிப்பொறி அறிவியல் மாணவியராகிய எங்களின் கருத்து.

இக்கருத்து எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. இவ்வாண்டு எங்களுள் ஒருத்தி நுழைவுத் தேர்வு ஒன்றுக்குத் தன் தந்தையின் கைப்பேசி வழியாக விண்ணப்பித்தாள். அவள் தந்தை உப்பளத்தில் உப்பு வாரும் தொழிலாளி. அன்று விண்ணப்பிக்கக் கடைசி நாள். கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுழன்றது; சுழன்றுகொண்டே இருந்தது. பின்னர், 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பணம் போயிற்றா? விண்ணப்பம் சேர்ந்ததா? அந்த வரி ஒன்றையும் கூறவில்லை. "நாள் தவறிப்போனா என்னம்மா பண்றது? இன்னொரு தடவை கட்டிடு" என்றார் தந்தை. கட்டினாள். இரண்டு முறையும் பணம் கழிந்திருந்தது. ஒரு தொகை திரும்பி வர நான்கு நாட்களாயின. அந்த நான்கு நாட்களும் அவர்கள் வீட்டில் அரிசி கடனுக்கு வந்தது.

குற்றம் யாருடையது? அவள் அவசரப்பட்டாள் என்று சிலர் கூறினர். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. மறுமுனையிலிருந்து பதில் வராதபோது மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். ஒன்று, நம் வேண்டுகோள் போய்ச் சேரவே இல்லை. இரண்டு, சேர்ந்தது, ஆனால் வேலை பாதியில் நின்றது. மூன்று, வேலை முழுவதும் முடிந்தது. 'முடிந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்தது. அனுப்பியவருக்கோ இம்மூன்றும் ஒரே மௌனமாகத்தான் தோன்றும். முதலாவதில் மீண்டும் அனுப்புவது சரி. மூன்றாவதில் அதுவே இரட்டைச் செலவு. இதைப் பிரித்தறிந்து சொல்லவேண்டியது மென்பொருளின் கடமை; பதினேழு வயதுப் பெண்ணின் கடமையன்று.

கடலில் இதே மௌனம் உயிரோடு விளையாடும். இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி 2010-ஆம் ஆண்டு முதல் மீனவர் பயன்பாட்டுக்கு வந்தது. ஆபத்து வேளையில் அதனை இயக்கினால், செய்தி செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு நிலையத்தை அடைந்து, அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு மையங்களுக்குச் செல்லும். ஆனால் தம் குரல் கரைக்குக் கேட்டதா என்பதை அக்கருவியின் மூலம் படகில் இருப்பவர் அறிய வழியில்லை. 2024-இல் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி இக்குறையைப் போக்கியது. செய்தி கிடைத்தது என்ற ஒப்புதல் படகுக்கே திரும்பி வருகிறது. அலைகளுக்கு நடுவே தவிப்பவருக்கு அந்த ஒப்புதல் எத்தனை பெரிய தைரியம்!

எங்கள் கணிப்பொறி அறையில் நாங்களும் ஒரு சோதனை செய்தோம். வகுப்பறையிலிருந்து நூலகக் கணிப்பொறிக்குப் புத்தகப் பதிவை அனுப்பும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருந்தோம். அது நன்றாகவே வேலை செய்தது. எங்கள் ஆசிரியை அதைப் பார்த்து, "சரி, இப்போது கம்பியைப் பிடுங்குங்கள்" என்றார்.

பிடுங்கினோம். பதிவு போகவே இல்லை. ஆயினும் திரையில் 'பதிவாயிற்று' என்று வந்தது! பதிலுக்குக் காத்திராமல் அவ்வாறு அச்சிடும்படி நாங்களே எழுதியிருந்தோம். வெட்கத்துடன் திருத்தினோம். அடுத்த முறை பிடுங்கியபோது நிரல் பதிலுக்காகக் காத்திருந்தது. பாடவேளை முடியும் வரை அசையாமல் காத்திருந்தது. எனவே இருபது விநாடி எல்லை வகுத்து, அதற்குள் பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பச் செய்தோம். மூன்றாம் முறை, பதிவு செய்தபின் நூலகக் கணிப்பொறி பத்து விநாடி பொறுத்துப் பதில் அனுப்பும்படி அமைத்து, அந்த இடைவெளியில் கம்பியைப் பிடுங்கிப் பின்னர் மாட்டினோம். ஒரே மாணவி ஒரே புத்தகத்தை இரண்டு முறை எடுத்ததாகப் பதிவாயிற்று. எங்கள் தோழியின் கட்டணம் எங்கள் கண்முன்னே மீண்டும் ஒருமுறை கழிந்தது போலிருந்தது.

இதற்குரிய மருந்து எளியதே. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனி எண் ஒன்று தரவேண்டும். அதே எண் மறுபடி வந்தால், மறுமுனை வேலையை மறுபடி செய்யாமல் பழைய பதிலையே திருப்பி அனுப்பவேண்டும். மீண்டும் அனுப்பும்போது ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிடில், புயலுக்குப்பின் உயிர்பெறும் கோபுரத்தின் மீது எல்லாக் கைப்பேசிகளும் ஒருசேரப் பாய்ந்து அதனைத் திணறடிக்கும். எவ்வளவு முயன்றும் பதில் இல்லையெனில், உண்மையைச் சொல்லவேண்டும்.

'இப்போது ஊரெல்லாம் கோபுரங்கள் வந்துவிட்டனவே, இச்சோதனைகள் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததை எங்கள் கரை மறக்கவில்லை. மின்சாரம் நின்று, மின்கலமும் தீர்ந்தால் கோபுரமும் ஊமையாகிவிடும். உதவி மிகவும் தேவைப்படும் நாளே இணைப்பு அறும் நாள் என்பதை மறத்தலாகாது.

'போன பணம்தான் திரும்பி வந்துவிடுகிறதே' என்பாரும் உளர். உண்மைதான். கணக்கில் பணம் கழிந்தும் கடைக்காரருக்கு உறுதிச் செய்தி சேராவிடில், யூபிஐ முறையில் ஐந்து நாட்களுக்குள் அதனைத் திருப்பித் தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.100 ஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தது. அவ்விதியை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் ஐந்து நாள் என்பது மாதச் சம்பளக்காரருக்கு ஒன்று, தினக்கூலிக்காரருக்கு வேறொன்று. விதி காயத்துக்குக் கட்டும் கட்டு. சோதனையோ காயம்படாமல் காப்பது.

ஆகவே நாங்கள் வேண்டுவது இதுதான். மக்கள் பணம் கட்டும் ஒவ்வொரு மென்பொருளையும் வெளியிடுமுன், அதன் இணைப்பை மேற்சொன்ன மூன்று இடங்களிலும் அறுத்துப் பார்க்கவேண்டும். பிழைச் செய்தி தமிழிலும் வரவேண்டும். பணம் என்னவாயிற்று, அடுத்து என்ன செய்வது என்ற இரண்டையும் அது கூறவேண்டும். எங்களைப் போன்று நிரல் எழுதக் கற்கும் மாணவியர்க்கு, 'வேலை செய்கிறது' என்பதற்கு மட்டுமன்றி, 'அறுந்தபோது பொய் சொல்லவில்லை' என்பதற்கும் மதிப்பெண் வழங்கவேண்டும்.

அன்புத் தோழியரே! நம்முள் பலர் நாளை இத்தகைய மென்பொருள்களை எழுதப்போகிறவர்கள். குளிரூட்டிய அறையில் அமர்ந்து, வேகமான இணைப்பில் சோதித்துப் பார்த்து, 'எல்லாம் சரி' என்று எழுதுமுன், உப்பளக் கரையில் ஈரக் கையுடன் கைப்பேசியைப் பிடித்து நிற்கும் ஒரு தந்தையை நினைத்துக்கொள்வோம். ஒருமுறை கம்பியைப் பிடுங்கிப் பார்ப்போம். அதன் பின்னரே 'சரி' என்போம்.