வெட்டுக்கிளியும் சுண்ணாம்புச் சோளமும்

மகளோடு மெக்சிகோவின் வஹாக்கா நகரில் மூன்று நாள் தங்கினேன். பெனிட்டோ ஹுவாரெஸ் சந்தையில் வறுத்த வெட்டுக்கிளியைக் குவித்து விற்கிறார்கள். பூண்டு, எலுமிச்சை, உப்பு சேர்த்தது, நன்றாகவே இருந்தது. உடன் வந்த சிலர் "சீ" என்று முகம் சுளித்தார்கள். பிற ஊர்ச் சாப்பாட்டை இப்படி ஒதுக்கினால் நட்டம் நமக்குத்தான் என்பேன்.

மக்காச்சோளத்தையே பாருங்கள். அங்கே அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவித்தான் அரைப்பார்கள். ஐரோப்பியர் சோளத்தை எடுத்துப் போனார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. சோளமே கதியென்று கிடந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, புத்தியும் பேதலிக்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. இத்தாலியில் பல்லாயிரம் பேர் அவதிப்பட்டார்கள். சோளத்திலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேர அந்தச் சுண்ணாம்பு வேண்டும். விஞ்ஞானம் இதை 20-ஆம் நூற்றாண்டில்தான் கண்டது. அந்தப் பாட்டிமார் கைக்கு எப்போதோ தெரியும்!

போகிறவர்கள் பக்கத்து 'நவம்பர் 20' சந்தையில் த்லாயுடா கேளுங்கள். அப்பளம்போல் மொறுமொறுப்பு, தாம்பாள அகலம். இருவருக்கு ஒன்று போதும்.