சாரதி மீது பழி போடும் முன் முன்சில்லைத் தூக்கிப் பாருங்கள்!



தோட்டத்து கெப் வண்டி பள்ளத்தில் இறங்கினால், நிர்வாகத்தின் வாயில் முதலில் வருவது "சாரதியின் கவனயீனம்" என்பதுதான். விளக்கம் கேட்டுக் கடிதம் அவருக்கு, வேலை இடைநிறுத்தமும் அவருக்கு. அந்த வண்டியின் முன் அச்சைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

"அச்சு பார்ப்பது கராஜ்காரர் வேலை, சங்கத்துக்கு அதில் என்ன?" என்று நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். அந்த வண்டியில் போவது கொழுந்து மூட்டை மட்டுமா? நடுச்சாமத்தில் பிரசவ வலி எடுத்த பெண் போகிறாள். குளவி கொட்டிய தொழிலாளி போகிறார். வகுப்பில் மயங்கி விழுந்த என் மாணவனும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறான்.

முன்பகுதி பெரும்பாலும் ஒரே நாளில் உடைவதில்லை. முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்கிறது. நான்கு சில்லும் இழுக்கும் வண்டி வளைவில் திரும்பும்போது "டக் டக்" என்றால் சீ.வி. ஜொயின்ட் தேய்ந்திருக்கிறது. அதை மூடிய றப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, சேறு உள்ளே போனதால் வரும் வினை இது. உறை கிழிந்த உடனேயே கவனித்தால் புது உறையோடும் கிரீஸோடும் செலவு முடியும். விட்டுவைத்தால் அச்சுத்தண்டையே மாற்ற வேண்டி வரும்.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதும், டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்வதும், குழியில் இறங்கும்போது கீழே தட்டுவதும் போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் பழுதாகும் அறிகுறிகள். கீழ் போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு மடிந்து சாயும். அதன் பிறகு எவ்வளவு கெட்டிக்கார சாரதியாலும் வண்டியைத் திருப்ப முடியாது.

இதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. சமதரையில் பின்சில்லுக்குக் கட்டை வைத்து, முன்சில்லை ஜக்கில் தூக்கி, அடியில் தாங்கி வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆடினால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் அல்லது பழைய வண்டியில் கிங் பின். இடமும் வலமும் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ரொட் எண்ட்.

நிர்வாகமோ வருமான அனுமதிப்பத்திரத்தையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் நீட்டுகிறது. புகைச் சான்றிதழ் புகையைத்தான் சோதிக்கிறது, முன்சில்லை அல்ல!

"பாதை மோசம், என்ன செய்வது?" என்பது அடுத்த சாட்டு. பாதை மோசமென்றால் வண்டியை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். பாதைக்காகப் பிரதேச சபையையும் விடமாட்டோம். 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தோட்டத்துக்குச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அவர்களும் சொல்ல முடியாது.

வேலையில் ஏற்படும் விபத்துக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1934 முதல் இருக்கிறது. நட்டஈடு வாங்கிக் கொடுப்பதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடாது. விபத்தைத் தடுப்பதும் நம் வேலைதான். ஆகவே நாம் கேட்பது:

1. மாதம் ஒருமுறை முன்பகுதிப் பரிசோதனை. முடிவு கையொப்பத்தோடு பதிவேட்டில் ஏற வேண்டும்.

2. சில்லில் ஆட்டமுள்ள வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது. பழுது திருத்தும் வரை நோயாளருக்கு நிர்வாகச் செலவில் மாற்று வாகனம்.

3. விபத்து நடந்தால், சங்கப் பிரதிநிதி முன்னிலையில் மெக்கானிக் வண்டியைப் பார்த்து அறிக்கை தரும் வரை சாரதி மீது ஒழுக்காற்று நடவடிக்கை கூடாது.

சாரதித் தோழர்களே, பழுதை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். திகதி போட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கித் தோட்டத் தலைவரிடம் ஒப்படையுங்கள். நாளை விசாரணை மேசையில் உங்களுக்காகப் பேசப் போவது அந்தத் துண்டுக் கடதாசிதான்.