ஐயத்தால் உறுதி நீங்காது

தொழுகையில் நிற்கும் ஒருவருக்குத் திடீரென ஓர் ஐயம் பிறக்கிறது. உளூ முறிந்துவிட்டதோ? திரும்பிச் சென்று உளூ செய்கிறார். தக்பீர் கட்டியதும் மீண்டும் அதே ஐயம்; மீண்டும் ஹவுளை நோக்கி நடை. வஸ்வாஸ் எனப்படும் இந்த மன ஊசலாட்டத்தை நம் பள்ளிவாசல்களில் காணாதவர் இலர். உறுதியான அடையாளம் தெரியும்வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்பதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதற்குக் காட்டிய வழி. ஐயத்தால் உறுதி நீங்காது என்பது மார்க்கச் சட்ட அறிஞர்கள் போற்றும் அடிப்படை நெறிகளுள் ஒன்று. இந்நெறி உளூவுக்கு மட்டும் உரியதன்று. நோய் கண்டு கலங்கிய நெஞ்சுக்கும் உரியது.

பரங்கிப்பேட்டையிலோ லால்பேட்டையிலோ ஒரு குடும்பத் தலைவரை எண்ணிக்கொள்வோம். உள்ளங்காலில் இருந்த கரும்புள்ளி வளர்ந்து, ஓரம் சிதைந்து, கசியத் தொடங்கியது. தோல் புற்றுநோய் என்று சதைச் சோதனை காட்டிற்று. அறுவை செய்து அகற்றினர். ‘ஓரங்களில் நோய் எஞ்சவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்றார் மருத்துவர். ஆயினும் அவருக்கு நிம்மதியில்லை. நள்ளிரவில் விளக்கேற்றி உடலெங்கும் புள்ளி தேடுகிறார். தலை வலித்தால் நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்கிறார். கைப்பேசியில் கண்டதையெல்லாம் படித்துப் பதறுகிறார். வாரம் ஒரு மருத்துவரைத் தேடுகிறார். வீட்டாரோ, ‘ஈமான் உள்ளவர் இப்படி அஞ்சலாமா?’ என்று கடிந்துகொள்கின்றனர்.

அச்சம் ஈமானின் குறைவன்று. அய்யூப் (அலை) அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். அவர்களையே பொறுமையாளர் என்று திருமறை புகழ்கிறது. ஆகவே கடிந்துரைப்பது மருந்தாகாது. அச்சத்திற்கு ஓர் எல்லை வகுப்பதே மருந்து.

அதற்கு உண்மை நிலையை அறிதல் வேண்டும். தோலின் கருநிறம் வெயிலின் தீங்கை ஓரளவு தடுப்பதால் நம்மவர்க்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் அவற்றுள் கொடியதான மெலனோமா, நம்மிடையே வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் தோன்றுவதுண்டு. நெடுநாள் ஆறாத தீப்புண் தழும்பிலும் வேறொரு வகைப் புற்று எழலாம். யாரும் ஐயுறாததால் காலம் கடந்து கண்டறியப்படுவதே பெருங்கேடு. தொடக்கத்திலேயே அகற்றப்பட்டால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர்.

இனி நெறிக்கு வருவோம். மருத்துவர் சோதித்துச் சொன்னது உறுதி. நள்ளிரவில் எழுவது ஐயம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். எட்டாத இடங்களை மனைவியோ மகனோ பார்க்கலாம். புள்ளி வளர்தல், நிறமோ வடிவமோ மாறுதல், குருதி கசிதல், வாரக்கணக்கில் ஆறாத புண், அக்குளிலோ தொடை இடுக்கிலோ கட்டி ஆகியவை உறுதியான அடையாளங்கள். இவற்றுள் ஒன்று கண்டால், குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே செல்க. இல்லையேல் அடுத்த நாள்வரை அந்த ஆராய்ச்சியை மூடிவைத்திடுக.

மருத்துவருடன் உறவும் செம்மையாக அமைய வேண்டும். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபிகளார் நலம் விசாரிக்கச் சென்று, ஹாரித் பின் கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு கூறினார்கள் என்று அபூதாவூத் தொகுப்பு தெரிவிக்கிறது. இறைத்தூதரே தம் தோழரை மருத்துவரிடம் அனுப்பியிருக்க, நாம் மருத்துவரிடம் வாய் திறக்கத் தயங்குவதேன்? இது எவ்வகைப் புற்று? எவ்வளவு ஆழம்? ஓரங்கள் தூய்மையா? அடுத்து எப்போது வரவேண்டும்? இந்நான்கையும் தாளில் எழுதிக் கேளுங்கள். உறக்கமில்லை, அச்சம் வாட்டுகிறது என்பதையும் மறையாது சொல்லுங்கள்; அதுவும் நோயின் பகுதியே. இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது உரிமை. பத்தாவது கருத்தைத் தேடுவது வஸ்வாஸ். நம் பெண்கள் நாணத்தால் புண்ணை மறைக்கலாகாது. பெண் மருத்துவரைக் கேட்கலாம்; கிடைக்காவிடில், தேவையின்போது மருத்துவர்க்குக் காட்டுவதை மார்க்கம் அனுமதிக்கிறது.

இவ்வட்டாரத்தார்க்கு வழியில்லாமல் இல்லை. 1985-இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தோன்றி, இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குவது சிதம்பரத்தில் இருக்கிறது. புதுவை ஜிப்மரில் புற்றுநோய்க்கென மண்டல மையம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்த அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனத்துயருக்கென்றே தனித் துறை இயங்குகிறது. நெஞ்சம் தாளாதபோது பேசுவதற்கு, 2022-இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

நாள்தோறும் ஐவேளை கால் கழுவும் சமுதாயம் நாம். விரல்களின் இடுக்கையும் கோதிக் கழுவும் நமக்கு உள்ளங்காலை அறிந்திருப்பது அரிதன்று. கழுவிய பின் ஐயத்தை ஹவுளிலேயே விட்டுவிட்டுத் தொழுகைக்கு நடப்பதுதான் அரிது. நோயுற்றோர் அனைவர்க்கும் அந்த மன உறுதியையும் நிறைந்த நலத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.