கானா கேசட்டை எடைக்குப் போடாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் படிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மார்கழி நெருங்குகிறது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபா கேன்டீன் மெனு வரைக்கும் பேச ஆரம்பித்துவிட்டோம். இந்த நேரத்தில் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதுகிறார்: பின் தெருவில் சாவு, ராத்திரி முழுக்க கானா, இதெல்லாம் ஒரு பாட்டா, போலீசுக்குச் சொல்லுங்கள் என்று. வரிசையாகக் கட்டைவிரல் காட்டுகிறார்கள். சத்தம் அதிகம் என்றால் குறைக்கச் சொல்லுங்கள், அது நியாயம். "இதெல்லாம் ஒரு பாட்டா" என்பதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

34 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். புறநானூற்றில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. ஒருவர் இறந்த பிறகு அவருடைய ஊர், அவருடைய குணம், அவரை நம்பியிருந்தவர்கள் கதி எல்லாவற்றையும் சொல்லிப் புலம்புவது. பாரி மகளிர் பாடியதை மேடையில் ஒப்பித்துக் கைதட்டு வாங்குகிறோம். மரண கானா செய்வதும் அதே வேலைதான். செத்தவர் பெயர், தெரு, பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள், அடைக்காமல் போன கடன் உட்பட அன்றைக்கு ராத்திரியே பாட்டாகிவிடும். விடிந்து பாடை கிருஷ்ணாம்பேட்டைக்கோ கண்ணம்மாபேட்டைக்கோ கிளம்பும்வரை தொண்டை தாங்க வேண்டும். டோலக் இல்லையென்றால் சட்டி, அதுவும் இல்லையென்றால் தீப்பெட்டி. பாரியிடம் முந்நூறு ஊர் இருந்தது, இவரிடம் ஒரு மீன்பாடி வண்டி இருந்தது. துறை ஒன்றுதான்.

டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்த காலத்தில் இந்தப் பாட்டுகளைச் சாவு வீட்டிலேயே பதிவுசெய்து வைத்தார்கள். என் மாணவன் ஒருவன் அப்படி ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். 60 நிமிடக் கேசட். உறையில் பால்பாயின்ட் பேனாவில் அவன் தாத்தா பெயரும் இறந்த தேதியும் இருந்தன. பாடியவர் பெயர் இல்லை. அதைப் பிரதி எடுத்து, பிரதியைப் பிரதி எடுத்து, பட்டினப்பாக்கம் வரைக்கும் போயிருந்தது. "அதே மெட்டில் எங்க அப்பாவுக்கும் பாடுங்க" என்று கேட்டு ஆள் வந்ததாம். ஒரு இசை பரவுவதும் வளர்வதும் இப்படித்தான். கடையில் பில் போட்டு விற்காததால் எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் அது கிடையாது.

பிறகு சினிமா எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் தேவா இசையில் கானா ஓடாத தியேட்டர் இல்லை. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' வந்தபோது கானா உலகநாதனையும் அவருடைய மீன் கல்யாணப் பாட்டையும் தமிழ்நாடே தெரிந்துகொண்டது. 2012-ல் 'அட்டகத்தி'யில் கானா பாலா. 2018 ஜனவரியில் பா.ரஞ்சித்தும் தென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைக் கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏற்றினார்கள். அதில் பாடிய இசைவாணியை 2020-ல் பிபிசி உலகின் 100 பெண்களில் ஒருவராகச் சேர்த்தது. எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் சென்னையின் சுயாதீன இசையே 2018-ல்தான் பிறந்தது என்று எழுதும் தம்பிகளிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. அந்த மேடைக்கு வந்த மெட்டுகள் எங்கிருந்து வந்தன? அதற்கு முன்னால் முப்பது வருடம் கேசட்டில் கிடந்த குரல்கள் யாருடையவை?

ராப் இசை 1973-ல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடி விருந்தில் தொடங்கியதாகச் சொல்வார்கள். பெரிய அளவில் விற்ற முதல் ராப் தட்டு 1979-ல்தான் வந்தது. நடுவில் இருந்த ஆறு வருடத்தைக் கைக்குக் கை மாறிய கேசட்டுகள்தான் காப்பாற்றின. கார்னெல் பல்கலைக்கழகம் 2007-லிருந்து ஹிப்ஹாப்புக்கென்றே ஒரு தொகுப்பு வைத்திருக்கிறது, விருந்துக்கு அடித்த நோட்டீஸ் உட்பட. நாம் கச்சேரிக்குக் கச்சேரி ஒலிக் காப்பகம் வைத்திருக்கிறோம், நல்லது, நானும் போய்க் கேட்கிறவன்தான். கானாவுக்கு அந்த அளவில் ஒன்று இந்த ஊரில் இல்லை.

"ஆபாசம் சார்" என்பார்கள். சிலது ஆபாசம்தான். இப்போது யூடியூபில் பெண்களைத் திட்டிப் பாடும் சில பையன்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. விறலிவிடு தூதும் க்ஷேத்ரக்ஞர் பதங்களும் என்ன சுப்ரபாதமா? அவற்றைப் பதிப்பித்து, முனைவர் பட்டமும் வாங்கினோம் அல்லவா?

உ.வே.சா. ஊர் ஊராக அலைந்ததால்தான் 1894-ல் புறநானூறு அச்சேறியது. ஏட்டை ஆற்றில் விட்டவர்களையும் தீயில் போட்டவர்களையும் பற்றி அவர் எழுதியதைப் படித்து வயிறு எரிகிறோம். அவர் பெயரில் 1943-ல் ஏற்பட்ட நூலகம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம். 2015-ல் அங்கே விழா நடத்தி டி.எம்.கிருஷ்ணா போன்றவர்கள் கர்நாடக இசையைக் குப்பத்துக்குக் கொண்டுபோனார்கள். பாராட்டுகிறேன். ஆனால் ஒரு மாலை மேடை தருவது வேறு, அலமாரியில் இடம் தருவது வேறு.

அவசரம் ஏன் என்றால், காந்த நாடா சாகிறது. கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுக் கரை வீடுகளோடு போனது எத்தனையோ. மிச்சத்தில் பாதி, குடிசையைக் காலிசெய்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றிய லாரியில் தொலைந்திருக்கும். சட்டி பானை ஏற்றவே இடமில்லாத வண்டியில் கேசட்டை யார் பார்ப்பார்கள்?

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் கிராமபோன் தட்டுகளைப் பாதுகாக்கத் தெரிந்த இடம். அடையாற்றின் இந்தப் பக்கம் அரசின் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு அறை, ஒரு நல்ல டெக், சம்பளத்துக்கு இரண்டு பிள்ளைகள், அதிலும் குப்பத்துப் பிள்ளைகள். இதற்கு அரசிடம் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

என் பழைய மாணவர்களுக்கு: வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் எடைக்குப் போடாதே. பழைய டெக்கில் போட்டு ஓட்டியும் பார்க்காதே, நாடா சிக்கிக்கொள்ளும். அது உங்கள் வீட்டுச் சாவு, உங்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் தர வேண்டியதில்லை. ஆனால் பாடியவர் பெயர், டோலக் வாசித்தவர் பெயர், தெருப் பெயர் மூன்றையும் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி உறைக்குள் வை. இந்த வாரமே.